வடக்கு வேலிப் புங்கமரங்கள்

ஜூன் 4

மரங்களைக் கட்டிக்கொண்டு அழும் என் வீட்டுக்காரருக்கு,

இங்கே எல்லாம் நலம் என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நலமில்லை என்று எழுதினால் சாப்பிடமாட்டீர்கள். அதனால் பாதி நலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே சண்டை வருகிறது என்று கடிதத்துக்கு மாறினோம். நல்ல யோசனைதான். எழுதினால் கை வலிக்கிறது, கை வலித்தால் சண்டை சீக்கிரம் முடிந்துவிடுகிறது. ஆனால் போனில் நீங்கள் பேசாமல் இருப்பதாவது கேட்கும். கடிதத்தில் அதுவும் இல்லை.

பள்ளி வேன் ஓடிக்கொண்டிருக்கிறது, நானும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். காலையில் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு இருமினால் பின்சீட்டு வாண்டுகள் எல்லாம் சேர்ந்து இருமிக் காட்டுகின்றன. "ஆன்ட்டி, நீங்க ஹாரனே அடிக்க வேணாம்"னு ஒருத்தன் சொல்கிறான். சிரித்தேன். சிரித்ததில் இழுப்பு வந்து வண்டியை ஓரம் கட்டினேன். டாக்டரம்மா இன்ஹேலரை மாற்றித் தந்து, வழக்கம்போல் ஒரே பாட்டைப் பாடினார்: "எங்க வேணாலும் போங்க, உங்க வீட்டுக்காரர் இருக்கிற பக்கம் மட்டும் போயிடாதீங்க." இதைவிட நல்ல அறிவுரையை என் அண்ணிகூடச் சொன்னதில்லை.

போன வருடம் உங்கள் அறையில் வந்து தங்கியதை மறந்துவிடவில்லையே? பத்து நாள் என்று வந்தேன். ஏழாம் நாளே மூச்சு முட்டி, என்னை அள்ளிக்கொண்டு போய் பஸ் ஏற்றினீர்கள். நான் அங்கே வர முடியாது, நீங்கள் இங்கே வர முடியாது. நாம் கல்யாணம் ஆனவர்கள் என்பதற்கு இப்போது ரேஷன் கார்டுதான் சாட்சி.

அண்ணன் போன வாரம் வந்தபோது, "இப்படியே எத்தனை வருஷம்மா?" என்றார். நவம்பர் என்றேன். நவம்பரில் உங்கள் ஒப்பந்தம் முடிகிறது, மரங்களை ஒப்படைத்துவிட்டு வந்துவிடுவீர்கள் என்றேன். எனக்கும் தினமும் அதைத்தான் சொல்லிக்கொள்கிறேன். தனியாக இருந்து இருந்து பிரிட்ஜோடு பேச ஆரம்பித்துவிட்டேன். அதுவாவது பதிலுக்கு உறுமுகிறது.

நவம்பர் என்றால் நவம்பர்தானே?

உங்கள்
வண்டிக்காரி


ஜூன் 17

என் டிரைவரம்மாவுக்கு,

நவம்பர் என்றால் நவம்பர்தான். பிரிட்ஜிடமும் சொல்லிவிடு.

அறை அப்படியேதான் இருக்கிறது. இரும்புக் கட்டில், ஆடிக்கொண்டே சுற்றும் மின்விசிறி, திறக்காத ஜன்னல். ஜன்னலின் இடுக்கெல்லாம் நீ ஒட்டிய டேப் இன்னும் பிரியவில்லை. மூன்று பக்கம் சுவர், நாலாவது பக்கம் புகைபோக்கி. வெளியே கடைக்குப் போக வேண்டுமானால் கேட்டில் பாஸ் வாங்க வேண்டும், வாங்கினால் இரண்டு மணி நேரத்தில் திரும்ப வேண்டும். ஒரு சோப்பு வாங்கப் போவதற்கு நான் படும் பாட்டைப் பார்த்தால் நீ குளிப்பதையே விட்டுவிடுவாய்.

அண்ணனுக்கு ஒப்பந்தம் புரியவில்லை என்றால் இப்படிச் சொல். தொழிற்சாலையைச் சுற்றி நான் நட்டிருக்கும் மரங்கள் மூன்று வருடம் உயிரோடு நிற்க வேண்டும். ஒரு வரிசையில் மரம் செத்தால் புதிதாக நட வேண்டும். நட்ட நாளிலிருந்து அந்த வரிசைக்கு மறுபடியும் மூன்று வருடம். எல்லா வரிசையும் தேறினால்தான் ஒப்படைப்பு. அதுவரைக்கும் என் படிப்புச் சான்றிதழ்கள் எல்லாம் காண்டிராக்டரின் பீரோவில். அவற்றை விட்டுவிட்டு ஓடி வந்தால், தாவரவியல் படித்தேன் என்று வாயால் சொல்லி எந்த ஊரில் வேலை வாங்குவது? தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றத்தான் கூப்பிடுவார்கள்.

ஆகஸ்டில் முடிய வேண்டியது நவம்பருக்குப் போனது ஆலை ஜி.எம். புண்ணியத்தில். அவர் ஜன்னலுக்கு எதிரே மயில்கொன்றைதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். "எல்லாம் பச்சையாவே இருந்தா எப்படிய்யா? கண்ணுக்கு ஒரு நிறம் வேணாமா?" இந்தப் புகையை அது தாங்காது என்று சொல்லிப் பார்த்தேன். நட்டோம். மூன்றே மாதத்தில் மொட்டைக் குச்சியாக நின்றது. பிறகு அந்த இடத்தில் அரளி வைத்தேன். அதுவும் பூக்கிறது, ஆனால் அவருக்கு மனம் ஆறவில்லை. இன்றைக்கும் என்னைப் பார்த்தால், "என் சிவப்புப் பூ என்னய்யா ஆச்சு?" என்பார்.

மரம் தேர்ந்தெடுப்பதை நீ கேலி செய்வாயே, ஞாபகம் இருக்கிறதா? இலையை அரைத்து, சாற்றின் புளிப்பைப் பார்த்து, பச்சையத்தை அளந்து, எவ்வளவு ஈரம் பிடித்து வைத்திருக்கிறது என்று எடை போட்டு மார்க் போடுவோம். நிறைய மார்க் வாங்கியது புகையைத் தாங்கும். அதை வேலிக்கு அனுப்புவோம். குறைந்த மார்க் வாங்கியது முதல் ஆளாகக் கருகி, காற்றில் என்ன கலந்திருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும். அதை எந்தத் தொழிற்சாலையும் கேட்டு வாங்குவதில்லை. "எனக்கு எத்தனை மார்க்?" என்று நீ கேட்டாய். நான் சொல்லவில்லை. கட்டிலில் உட்கார்ந்து மூச்சுக்குத் திணறிக்கொண்டு கேட்டால் எப்படிச் சொல்வது?

பக்கத்து குவார்ட்டர்ஸ் கிரேன் ஆபரேட்டர் உன்னை விசாரித்தார். அவர் பெண், உன் வாயாடி, முன்பல் விழுந்தும் வாயை மூடுவதில்லை. குவார்ட்டர்ஸை ஒட்டிய வடக்கு வேலியிலிருக்கும் என் புங்கமரங்களுக்கு ஒவ்வொன்றாகப் பெயர் வைத்திருக்கிறாள். ஒன்றுக்கு உன் பெயர். மருந்தை நேரத்துக்கு எடுத்துக்கொள்.

உன்
மரக்காரன்


ஜூலை 9

பெரிய மரமண்டைக்கு,

என் பெயரில் ஒரு மரம் நிற்கிறதாமே! அதற்காவது தினமும் பக்கத்தில் போய் நாலு வார்த்தை பேசுங்கள்.

ஜன்னலுக்குத் திரைச்சீலை தைக்கத் துணி வாங்கியிருக்கிறேன். கடைக்காரர் பச்சையை எடுத்துப் போட்டார். "பச்சை மட்டும் வேணாங்க, அதைக் கட்டிக்கிட்டுதான் இந்தப் பாடு படுறேன்" என்றேன். மஞ்சள் எடுத்தேன். நீங்கள் வருவதற்குள் தைத்துவிடுவேன். நம் ஜன்னல் திறக்கும் ஜன்னல். திரைச்சீலை காற்றில் பறப்பதை நீங்கள் பார்த்து வருடக்கணக்காகியிருக்கும்.

போன வாரம் வேனில் ஒரு குழந்தை வாந்தியெடுத்துவிட்டது. கழுவிக்கொண்டிருக்கும்போது சும்மா அழுகை வந்தது. வாந்திக்காக யாராவது அழுவார்களா? வீட்டுக்கு வந்தால் நடந்ததைச் சொல்ல ஆளில்லை, அவ்வளவுதான். நவம்பரில் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்கிறேன். காதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

வாயாடியைக் கேட்டதாகச் சொல்லுங்கள். நான் அங்கே இருந்தபோது கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, நான் இருமினால் அதே மாதிரி இருமிக் காட்டுவாள். என்ன ஒரு நடிப்பு! இன்னும் செய்கிறாளா?

உங்கள்
வண்டிக்காரி


ஆகஸ்ட் 23

என் டிரைவரம்மாவுக்கு,

வாயாடி இன்னும் இருமிக் காட்டுகிறாள். அச்சு அசல் நீதான்.

எழுதத் தாமதமாகிவிட்டது. நடுவில் உயிர் போய் உயிர் வந்தது. இப்போது சரியாகிவிட்டது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இருமிக்கொண்டு படிக்காதே.

போன மாதக் கடைசியில் வடக்கு வேலிப் புங்கமரங்களின் இலை ஓரம் கருக ஆரம்பித்தது. நாற்பது மரம். புங்கன் சாமானியத்தில் சாகாது, நல்ல மார்க் வாங்கிய மரம். வேரைப் பார்த்தேன், மண்ணைப் பார்த்தேன், தண்ணீரைப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. ஆலைப் பக்கம் பார்த்த இலைகள் மட்டும் கருகின. அந்தத் திசையில் நடந்து போய்ப் பார்த்தால் ஆசிட் பிளாண்ட்டின் பழைய வால்வு. சங்கு ஊதி ஷிப்ட் மாறியதும் அதில் அழுத்தம் ஏறி வாயு கசிகிறது. பக்கத்தில் நின்றால் தொண்டை எரிகிறது. அதை மாற்ற பிளாண்ட்டை ஒரு மாதம் நிறுத்த வேண்டுமாம்.

ஜி.எம்.மிடம் போனேன். "மரத்துக்கு வியாதி வந்தா மரத்தை மாத்துய்யா. பிளாண்ட்டையா மாத்தச் சொல்றே?" என்றார்.

மரத்தை மாற்றினால் அந்த வரிசைக்கு மறுபடியும் மூன்று வருடம். அந்தக் கணக்கை நினைத்தபோது கட்டிலைவிட்டு எழுந்திருக்கவே முடியவில்லை. காண்டிராக்டர்தான் வழி சொன்னார். வெளியூர் நர்சரியிலிருந்து அதே உயரம், அதே வயதுள்ள மரங்களாகப் பார்த்து இறக்கி, செத்த மரங்களின் நட்ட தேதி போட்ட பழைய தகட்டை அவற்றில் மாட்டிவிட்டால் யாருக்குத் தெரியும்? தகட்டில் மூன்று வருடத்துக்கு முந்தைய தேதிதானே இருக்கிறது? எந்த மரம் என்று அதில் போடவில்லை. நானும் தலையை ஆட்டினேன்.

அரசமரம் வைத்தேன். சுவர் வெடிப்பில் போட்டாலும் முளைக்கிற ஜாதி. அந்த வாயுவை நேராகக் குடித்துக்கொண்டு பளபளவென்று நிற்கிறது, ஒரு இலை வாடவில்லை. நவம்பர் பன்னிரண்டாம் தேதி ஆய்வுக் குழு வருகிறது. வேலி ஒப்படைப்புச் சீட்டு இருந்தால்தான் ஆலைக்கு உரிமம் புதுப்பிப்பார்கள் என்பதால் எல்லோருக்கும் அவசரம். கையெழுத்தானதும் பீரோ திறக்கும், நான் வந்துவிடுவேன்.

வாயாடி ஒருத்தியைத்தான் ஏமாற்ற முடியவில்லை. "மாமா, பழைய மரமெல்லாம் எங்க?" என்றாள். "அதுக்கு உடம்பு சரியில்ல கண்ணு, அனுப்பிட்டோம்" என்றேன். "எனக்கும்தான் உடம்பு சரியில்ல. என்னையும் அனுப்பிடுவீங்களா?" என்கிறாள். என்ன வாய் பார்!

மஞ்சள் திரைச்சீலை நன்றாக இருக்கும். தை.

உன்
மரக்காரன்


செப்டம்பர் 5

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் வந்ததும் வாசலிலேயே நின்று படித்தேன். "வந்துவிடுவேன்" என்ற இடத்தில் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அன்றைக்கே திரைச்சீலையை வெட்டினேன்.

பிறகு இரண்டாம் முறை படித்தேன். படித்திருக்கக் கூடாது.

அந்தப் பிள்ளை கேட்டதற்கு என்ன பதில் சொன்னீர்கள்? அதை எழுதவில்லையே.

உங்கள் அறையில் இருந்த ஏழு நாளை நினைத்துப் பார்த்தேன். சங்கு ஊதியதும்தான் எனக்கு இழுப்பு வரும். சத்தத்துக்குப் பயப்படுகிறேன் என்று நீங்கள் கேலி செய்தீர்கள், நானும் என் உடம்பின் லட்சணம் என்று நம்பினேன். டேப்பை வாங்கி இடுக்கெல்லாம் ஒட்டினேன். அப்போதே அந்த வால்வு கசிந்திருக்கிறது. அப்போது கருகியது மரமில்லை, நான். மார்க் குறைந்தவள் நான்தானே? என்னை பஸ் ஏற்றி அனுப்பியதும் அறை அமைதியாகிவிட்டது.

பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் குழந்தை இருமியதை நடிப்பு என்று நினைத்துக் கைதட்டினேனே! அதை நினைத்தால் எனக்கு என்னைப் பிடிக்கவில்லை. கைதட்டினால் இன்னொரு தடவை இருமுவாள். பாவி, நான் இன்னொரு தடவையும் கைதட்டினேன்.

கருகிய மரம் அங்கே நின்றிருந்தால் வருகிறவர்கள் கண்ணில் பட்டிருக்கும். இப்போது பளபளவென்று அரசமரம் நிற்கிறது. அதற்குப் பின்னால் அவள் படுத்திருக்கிறாள்.

நீங்கள் இதைச் செய்யுங்கள், அதைச் செய்யுங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. எனக்கு நீங்கள் வேண்டும். எவ்வளவு வேண்டும் என்றால், இந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டு "சீக்கிரம் வாங்க" என்று மட்டும் எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். முடியவில்லை. நான் இருமும்போதெல்லாம் கூடவே அவளும் இருமுகிறாள்.

உங்கள்
வண்டிக்காரி


செப்டம்பர் 16

உனக்கு,

நான் என்ன போலீஸா? ஆய்வுக் குழுவா? மரம் நடுகிறவன். மூன்று வருடமாக இந்த நாலு சுவருக்குள் கிடந்து நாய்படாத பாடு படுகிறேன். வெளியே வர ஒரே ஒரு கதவு திறந்தது. அதையும் நீ வந்து சாத்துகிறாய்.

வாயைத் திறந்தால் என்ன ஆகும் தெரியுமா? அன்று மாலையே கேட் பாஸ் போய்விடும். சான்றிதழ் பீரோவிலேயே மக்கும். என்னை விடு. கிரேன் ஆபரேட்டரிடம் வால்வைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு முன்பே தெரியும். என் கையைப் பிடித்துக்கொண்டு, "சார், உங்களுக்குத் திரும்பிப் போக வீடுன்னு ஒண்ணு இருக்கு. எங்களுக்கு இதான் வீடு. நீங்க வாயத் தொறந்தா எங்களத்தான் காலி பண்ணச் சொல்வாங்க. உங்களக் கும்பிடுறேன்" என்றார். பெற்ற அப்பனே கும்பிடுகிறார். நான் யாரைக் காப்பாற்றுவது?

அவர் பேசும்போது உள்ளே அவள் இருமிக்கொண்டிருந்தாள். நடிக்கவில்லை. நான் வாசலில் நின்றது அவளுக்குத் தெரியாது.

நவம்பரில் வருகிறேன். அதற்கு மேல் என்னைக் கேட்காதே.

நான்


செப்டம்பர் 27

என் மரக்காரருக்கு,

கோபம் இல்லை. உண்மையாகவே இல்லை.

இந்த வாரம் வேனில் யாரும் இருமிக் காட்டவில்லை. போன வாரம் நடுவழியில் வண்டியை நிறுத்திக்கொண்டு நான் பட்ட பாட்டைப் பார்த்துப் பயந்துவிட்டார்கள் போல. ஹாரன் என்று சொன்னானே, அந்தப் பயல் இறங்கும்போது தன் தண்ணீர் பாட்டிலை என் மடியில் வைத்துவிட்டு ஓடினான்.

எனக்கும் தனியாக இருக்க முடியவில்லை. நான் எழுதியதை மறந்துவிடுங்கள். வாங்க. திரைச்சீலை தைத்து மாட்டியாகிவிட்டது. வந்து பாருங்கள், அது போதும் எனக்கு.

உங்கள்
வண்டிக்காரி


நவம்பர் 28

என் டிரைவரம்மாவுக்கு,

இரண்டு மாதமாக எழுதவில்லை. போனையும் எடுக்கவில்லை. நீ பேசினால் நான் கிளம்பி வந்துவிடுவேன் என்று பயமாக இருந்தது. நவம்பர் முடியப் போகிறது, நான் வரவில்லை. எப்படித் திட்டினாலும் தகும். முழுவதையும் படித்துவிட்டுத் திட்டு.

"வாங்க" என்று நீ எழுதியதும் பெட்டியை எடுத்துக் கட்டிலில் வைத்துத் துணிகளை அடுக்கினேன். நீ "வரவேண்டாம்" என்று பிடிவாதம் பிடித்திருந்தால் உன்மேல் உள்ள கோபத்தில் வீம்புக்காவது கிளம்பி வந்திருப்பேன். "வாங்க" என்று எழுதி, முடிவை என் தலையில் வைத்துவிட்டு என்னைத் தனியாக விட்டுவிட்டாய். பெட்டி ஒரு மாதம் கட்டில்மேலேயே கிடந்தது. நான் தரையில் படுத்தேன்.

நவம்பர் முதல் வாரம் ஜி.எம். அறைக்குப் போனேன். வால்வைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "சார், வடக்கு வேலியில நாப்பது மரம் செத்துப்போச்சு. மாத்தி வச்சதுல பழைய தகட்ட மாட்டினது தப்பு. ஆய்வுல கண்டுபிடிச்சா உரிமத்துக்கே வம்பு. முறையா எழுதிக்கொடுத்துட்டு வேற மரம் வச்சிடலாம்" என்றேன். அவர் முகம் சுண்டிவிட்டது. உடனே, "நீங்க ஆசைப்பட்ட மயில்கொன்றையவே வச்சிடலாம் சார். குவார்ட்டர்ஸ் பக்கம் சிவப்பா பூத்தா நல்லா இருக்கும்" என்றேன். அவருக்கு வாயெல்லாம் பல். "இப்பவாவது உனக்கு ரசனை வந்துச்சே!" என்று எல்லாத் தாளிலும் கையெழுத்துப் போட்டார். காண்டிராக்டர்தான் குதிகுதியென்று குதித்தார். "பீரோ தொறக்காது, தெரியுமில்ல?" என்றார். தெரியும் என்றேன்.

அரசமரங்களை எடுத்துத் தெற்கு மூலையில் வைத்துவிட்டேன். அவை எங்கே வைத்தாலும் வாழும். மயில்கொன்றையில் நல்ல தளதளப்பான கன்றுகளாகப் பார்த்து எடுத்தேன். சாகப் போகிறது என்று தெரிந்தே ஒரு கன்றைக் குழியில் இறக்கி மண்ணை அணைப்பது இந்தத் தொழிலில் எனக்கு முதல் தடவை. மன்னித்துக்கொள் என்று ஒன்றிடம் சொன்னேன், மற்றவற்றிடமும் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

பன்னிரண்டாம் தேதி ஆய்வுக் குழு வந்தது. வடக்கு வேலி தேறும்வரை ஒப்படைப்பு இல்லை, உரிமம் ஆறு மாதத்துக்குத்தான் என்று எழுதினார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்து அந்த வரிசையைப் பார்ப்பார்களாம். இனி வேறு மரம் வைக்க வேண்டுமானால் அந்தக் குழுவிடம் ஜி.எம். காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும். என்ன காரணம் எழுதுவார்?

நேற்று அவர் வேலிக்கு வந்தார். பதினைந்து நாளில் எல்லாக் கன்றிலும் ஆலைப் பக்கத்து இலைகள் கருகிவிட்டன. "என்னய்யா இது?" என்றார். "தெரியல சார். வேர் நல்லா இருக்கு, மண்ணு நல்லா இருக்கு, தண்ணியும் ஊத்துறேன்" என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. திரும்பி வால்வு இருக்கும் பக்கம் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அதை அடைக்காமல் மரம் நிற்காது, மரம் நிற்காமல் உரிமம் கிடைக்காது. நான் மூன்று வருடமாகக் கிடக்கும் அறைக்குள் அவரையும் இழுத்துப்போட்டுக் கதவைச் சாத்திவிட்டேன். எப்போது அடைப்பார் என்று எனக்குத் தெரியாது. அடைத்த பிறகுதான் என் மூன்று வருடம் ஆரம்பிக்கும்.

எனக்கு உன்மேல் கோபம் இருக்கிறது. உன்னைப் பார்க்க வேண்டும் போலவும் இருக்கிறது. இரண்டும் ஒரே கட்டிலில்தான் படுத்துக்கொள்கின்றன. நீ இனிமேல் காத்திருக்க மாட்டேன் என்று எழுதினாலும் நான் எதிர்த்து எழுதமாட்டேன், அண்ணனிடமும் சொல்லிவிடு. ஆனால் திரைச்சீலையை மட்டும் கழற்றாதே. இங்கே குளிர ஆரம்பித்துவிட்டது, முடிந்தால் ஒரு போர்வை அனுப்பு. பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

நீ கேட்டாயே, அந்தப் பிள்ளைக்கு என்ன பதில் சொன்னீர்கள் என்று. இன்று காலை சொன்னேன். கருகிய இலையைக் கையில் வைத்துக்கொண்டு வேலி ஓரம் நின்றாள். "மாமா, இதுக்கும் உடம்பு சரியில்ல. இதையும் அனுப்பிடுவீங்களா?" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இல்ல கண்ணு. இது இங்கதான் இருக்கும். நீயும் எங்கயும் போக வேணாம்" என்றேன். "நானும் போகல."

உன்
மரக்காரன்